யூட்டா கேன்யன்களில் தனியாக 9 நாள்: போகலாமா, எப்படிப் போவது?

கேள்வி இதுதான். டாலஸில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண். அக்டோபர் நடுவில் 9 நாள் விடுமுறை. லாஸ் வேகஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, ஸயான், பிரைஸ், கேபிட்டல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் என்று ஏழு இடங்களையும் தனியாகச் சுற்ற வேண்டும். வழியில் ஸ்லாட் கேன்யன்கள் எனும், தண்ணீர் அறுத்த குறுகிய பாறை இடுக்குகளுக்குள்ளும் நடக்க வேண்டும். மதுரையில் இருக்கும் அம்மா பயப்படுகிறார். போகலாமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

போங்கள். தயங்காமல் போங்கள். ஆனால் அந்த ஏழு இடப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் சால்ட் லேக் சிட்டியில் 12 வருடமாக இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு தடவையாவது தெற்கு யூட்டாவில் தனியாக நடக்கிறேன். நானும் பெண்தான். இத்தனை வருடத்தில் அங்கே பாம்பைப் பார்த்து ஓடியதில்லை, மனிதர்களைப் பார்த்தும் பயந்ததில்லை. பயந்த ஒரே நாள், நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாமல் போன நாள். அதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் பட்டியலைச் சுருக்கச் சொல்வதற்குக் காரணமும் அதுதான். ஏழு இடம் என்றால் 1,000 மைலுக்கு மேல் ஓட்டம். ஒரு நாள் தாமதமானாலும் திட்டம் மாறும். திட்டம் மாறும்போது நீங்கள் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பீர்கள், அதனால் மாறியது வேறு யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு இருட்டிய பிறகு கார் ஓட்ட வேண்டி வரும். தெற்கு யூட்டாவில் பல இடங்களில் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி கிடையாது. கறுப்பு மாடு கறுப்புச் சாலையில் நின்றால் ஹெட்லைட்டில் தெரியவே தெரியாது. மான்கள் வேறு. சூரியன் மறைந்த பிறகு ஓட்டுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

என் யோசனை: மூன்றே ஊர்களில் தங்குங்கள். ஸயானை ஒட்டிய ஸ்பிரிங்டேலில் இரண்டு இரவு, எஸ்கலான்டேயில் மூன்று, கேபிட்டல் ரீஃப் பக்கத்து டோரியில் மூன்று. ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன் நான்கையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். கிராண்ட் கேன்யனை விடச் சொன்னால் மனசு கேட்காது, தெரியும். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்ப அரை நாள் போதும், ஆனால் நீங்கள் நடக்கப் போகிறவர். விளிம்பிலிருந்து ஆறு ஏறக்குறைய ஒரு மைல் ஆழத்தில் ஓடுகிறது. அதற்குத் தனியாக ஒரு பயணம் வையுங்கள்.

வேகஸிலிருந்து ஸ்பிரிங்டேலுக்கு 160 மைல். வழியில் செயின்ட் ஜார்ஜ் வரும். அதுதான் கடைசிப் பெரிய ஊர். மளிகை, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் அங்கேயே வாங்கி டிக்கியில் அடுக்கிக்கொள்ளுங்கள். அடுப்புக்கான கேஸ் சிலிண்டரை விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள், அதையும் இங்கேதான் வாங்க வேண்டும். சைவம் என்றால் இன்னும் கவனம் தேவை. எஸ்கலான்டே மாதிரிச் சின்ன ஊர்களில் உணவகங்களே சில, அவையும் சீக்கிரம் மூடிவிடும். நான் முதல் இரண்டு நாளுக்குப் புளிசாதமும், அப்புறம் அவலும் தயிரும் ஊறுகாயுமாக ஓட்டிவிடுவேன். இன்னொரு விஷயம்: வேகஸ் இருக்கும் நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் வந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். அரிசோனா கோடை நேரத்தைக் கடைப்பிடிப்பதில்லை, அதற்குள்ளேயே இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி கடைப்பிடிக்கிறது. எல்லையோரத்தில் போன் காட்டும் நேரம் தாவிக்கொண்டே இருக்கும். கையில் ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி, யூட்டா நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

ஸயானில் கேன்யனுக்குள் போகும் சாலையில் பெரும்பாலான மாதங்கள் சொந்தக் கார் போக முடியாது. தேசியப் பூங்காவின் ஷட்டில் பஸ்தான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகட்டில் ஏறுவதற்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் பெர்மிட். கிடைக்கவில்லை என்றால் வருந்தாதீர்கள். நாரோஸுக்குப் போங்கள். வெர்ஜின் ஆறுதான் அங்கே பாதை. ஒரு மைல் தார்ப்பாதை முடிந்ததும் தண்ணீருக்குள் இறங்கி, ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி நடக்க வேண்டும். கீழிருந்து நடப்பவர்களுக்குப் பெர்மிட் தேவையில்லை. இஷ்டப்பட்ட இடத்தில் திரும்பலாம். அக்டோபரில் தண்ணீர் விறைக்கும். ஸ்பிரிங்டேல் கடைகளில் அதற்கென்றே ஷூவும் கோலும் வாடகைக்குக் கிடைக்கும். கோலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடியில் கிடப்பவை உருண்டைக் கற்கள், தண்ணீர் கலங்கலாக இருந்தால் பாதம் எங்கே போகிறது என்று தெரியாது. ஆள் கூட்டம் இருக்கும் இடம் என்பதால், தனியாக வருகிறவருக்கு முதல் நாள் நடைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாம் நாள் ஸயானின் கிழக்கு வாசல் வழியாக வெளியேறுங்கள். 1930-இல் திறந்த சுரங்கப்பாதை, ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். அதைத் தாண்டியதும் வேறு உலகம். செக்கர்போர்டு மேசா என்ற குன்றின் முன்னால் காரை நிறுத்திப் பாருங்கள். பாறை முழுக்கச் சாய்வான கோடுகள். சுமார் 18 கோடி வருடங்களுக்கு முன் இது மணல்மேடு. காற்று ஒரு பக்கத்திலிருந்து மணலைத் தள்ளித் தள்ளிக் குவித்த சரிவுகள் அப்படியே இறுகிக் கல்லாகி நிற்கின்றன. காற்று திசை மாறிய இடத்தில் கோடும் திசை மாறும். இதை ஒரு தடவை கண்ணால் பிடித்துவிட்டால், அப்புறம் பயணம் முழுக்க எந்தப் பாறையைப் பார்த்தாலும் அந்தக் காற்று தெரியும்.

பிரைஸில் அரை நாள் போதும். குவீன்ஸ் கார்டன் பாதையில் இறங்கி நவஹோ லூப் பாதையில் ஏறினால் முக்கியமானதைப் பார்த்த மாதிரிதான். விளிம்பு 8,000 அடிக்கு மேல் இருக்கிறது. அக்டோபர் காலையில் உறைபனி சகஜம். முந்தின நாள் ஸ்பிரிங்டேலில் அரைக்கையோடு திரிந்தவர் இங்கே குல்லா போட வேண்டியிருக்கும்.

அங்கிருந்து 12-ஆம் எண் நெடுஞ்சாலை. இதைப் பகலில், அவசரமில்லாமல் ஓட்டுங்கள். எஸ்கலான்டேயிலிருந்து சிறிது தூரத்தில் லோயர் காஃப் கிரீக் அருவி; போக வர ஆறு மைல், பெரும்பாலும் மணல் பாதை. மணலில் ஆறு மைல் என்பது கால்களுக்கு எட்டு மைல். நடுவழியில் எதிர்ப்பக்கப் பாறைச் சுவரைக் கவனியுங்கள்: ஃப்ரீமான்ட் என்ற பழங்குடி மக்கள் வரைந்த பெரிய சிவப்பு உருவங்கள் தெரியும். அருவி 126 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பாலைவனத்தில் இரண்டு மணி நேரம் நடந்து வந்தவருக்கு அந்தக் குளிர்ந்த சாரல் முகத்தில் படும்போது ஏற்படும் சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

அதே எஸ்கலான்டே பக்கத்தில் ஹோல் இன் தி ராக் ரோடு என்ற மண்சாலையில் ஏறத்தாழ 26 மைல் போனால் பீக்கபூ, ஸ்பூக்கி என்ற இரண்டு ஸ்லாட் கேன்யன்கள். எல்லோரும் போகச் சொல்வார்கள். நீங்கள் முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் மண்சாலையில் ஓட்டக் கூடாது என்றே எழுதியிருக்கும். சாலை வரிவரியாக மேடும் பள்ளமும், கார் முழுக்க நடுங்கும். காய்ந்திருந்தால் மெதுவாகப் போய்விடலாம். இந்தப் பக்கத்து மண்சாலைகளில் களிமண் கலந்திருக்கும். மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கி, டயரில் அப்பி, ஃபோர் வீல் டிரைவும் நகராது. காயும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். 1879 கடைசியில் மார்மன் மதத்தைச் சேர்ந்த குடியேறிகள் மாட்டு வண்டிகளோடு இந்த வழியாகத்தான் போனார்கள். ஆறு வாரத்தில் முடிந்துவிடும் என்று கிளம்பிய பயணம் ஆறு மாதம் ஆனது. எஸ்கலான்டே ஊரிலேயே தகவல் மையம் இருக்கிறது. காலையில் போய் "இன்று சாலை எப்படி?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்பூக்கியில் சில இடங்களில் பையைக் கழற்றிக் கையில் பிடித்து, பக்கவாட்டில் திரும்பினால்தான் உடம்பு நுழையும். மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர் போக வேண்டாம்.

இப்போது வெள்ளம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த நிலத்தில் மண் குறைவு, வெறும் பாறை அதிகம். பெய்கிற மழையை உறிஞ்ச எதுவும் இல்லை. எத்தனையோ சதுர மைல் பரப்பில் விழுந்த தண்ணீர் முழுவதும் சரிந்து ஓடைக்கு வந்து, ஓடை ஸ்லாட் கேன்யனுக்குள் நுழைகிறது. அந்த இடுக்கை உண்டாக்கியதே இப்படி வந்த வெள்ளங்கள்தான். ஸ்லாட்டுக்குள் நிற்பவருக்குத் தலைக்கு மேல் ஒரு கோடு வானம் மட்டும் தெரியும். அது நீலமாகவே இருக்கும். மழை பல மைல் தள்ளிப் பெய்திருக்கும். 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அரிசோனாவில் லோயர் ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் இறந்தது அப்படித்தான். 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி ஸயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் இறந்தார்கள்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பருவமழை. நீங்கள் போகும்போது அபாயம் குறைந்திருக்கும், ஆனால் போயிருக்காது. தேசிய வானிலை சேவை தெற்கு யூட்டாவின் பூங்காக்களுக்குத் தினமும் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளாக வெளியிடுகிறது: எதிர்பார்ப்பு இல்லை, இருக்கலாம், வாய்ப்பு அதிகம், நிச்சயம் எதிர்பார்க்கலாம். தனியாகப் போகும் நீங்கள் முதல் படிக்கு மேல் எது இருந்தாலும் ஸ்லாட்டுக்குள் கால் வைக்காதீர்கள். அன்றைக்கு நடக்க மேட்டுப் பாதைகள் நிறைய இருக்கின்றன. பூங்கா வானிலையை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் பார்த்து, அந்த இடத்து வானிலையையும் பாருங்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சுள்ளியும் இலையும் மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ இரைச்சல் கேட்டாலோ, வாசலை நோக்கி ஓடாதீர்கள். அருகில் எது மேடோ அதில் ஏறுங்கள்.

டோரியில் தங்கும் மூன்று நாளில் ஒன்றை லிட்டில் வைல்ட் ஹார்ஸ் கேன்யனுக்குக் கொடுங்கள். என்னைக் கேட்டால், தனியாகப் போகிறவருக்கு முதல் ஸ்லாட் இதுதான். நடை தொடங்கும் இடம்வரை தார்ச்சாலை, கயிறு தேவையில்லை, நல்ல நாளில் நான்கு பேராவது எதிரே வருவார்கள். பெல் கேன்யனோடு சேர்த்துச் சுற்றினால் எட்டு மைல். உள்ளே நுழைந்து கொஞ்ச தூரத்தில் சுவர்கள் இரண்டு பக்கமும் தோளைத் தொடும். கல் மண்பானை மாதிரிக் குளிர்ந்திருக்கும், கை வைத்தால் மணல் உதிரும். சுவர் முழுக்கத் தேன்கூடு போலக் குழிகள், சிலவற்றுக்குள் விரல் நுழையும், சிலவற்றுக்குள் முழங்கை. வெயில் நேராகக் கீழே வராது. மேலே ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, ஆரஞ்சு நிறமாக இறங்கி வரும். ஒரு தடவை அங்கே நின்று அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு மேல் மூன்று ஆள் உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே ஒரு மரக்கட்டை செருகிக் கிடந்தது. பட்டை உரிந்து வெளுத்துப் போயிருந்தது, அதில் காய்ந்த புல் சுற்றியிருந்தது. அதை யாரும் தூக்கி அங்கே வைக்கவில்லை. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. வானிலை பார்க்காமல் இனி எந்தக் கேன்யனுக்குள்ளும் நுழைவதில்லை என்று அங்கே நின்றுதான் முடிவெடுத்தேன்.

கேபிட்டல் ரீஃபுக்குள் ஃப்ரூட்டா என்ற பழைய குடியிருப்பின் பழத்தோட்டங்கள் இன்னும் காய்க்கின்றன. ஆப்பிள் காலத்தில் அனுமதித்த தோட்டத்தில் நீங்களே பறித்துத் தின்னலாம். ஹிக்மன் பாலம் என்ற இயற்கைப் பாறை வளைவுக்குச் சின்ன நடை, காலையில் போங்கள்.

தண்ணீர்: ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு நான்கு லிட்டர். காரில் எப்போதும் கூடுதலாக இரண்டு நாள் தண்ணீர் கிடக்கட்டும். அக்டோபரில் வியர்வை தெரியாது, காற்று அவ்வளவு வறட்சி. தாகம் எடுப்பதற்கு முன்பே உடம்பு காய்ந்திருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாலும் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும், அதனால் ஓஆர்எஸ் பொட்டலம் நான்கைந்து பையில் இருக்கட்டும். ஓடைத் தண்ணீரை நம்ப வேண்டாம். வண்டல் அதிகம், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். வெர்ஜின் ஆற்றில் நச்சுப் பாசி இருப்பதாக 2020-லிருந்து பூங்காவே எச்சரித்து வருகிறது. பெட்ரோலிலும் கவனம், பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று வேகஸிலேயே டிக்கியைத் திறந்து பாருங்கள். இப்போது பல கார்களில் ஸ்டெப்னியே வைப்பதில்லை.

பாதையை விட்டு விலகாதீர்கள். அங்கே மண்ணின் மேல் கறுப்பாக, கரடுமுரடாக ஒரு பொருக்கு தெரியும். அழுக்கு மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் குட்டிக் கோபுரங்கள் போல எழுந்து நிற்கும். நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள தோல் அது. அது இருப்பதால்தான் அங்கே மணல் பறக்காமல் செடி முளைக்கிறது. ஒரு காலடி பட்டால் நொறுங்கும், மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறையிலோ, ஓடை மணலிலோ, தடத்திலோ மட்டும் கால் வையுங்கள். போட்டோவுக்காக அதன் மேல் நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சரி, அந்த நாள். மூன்றாவது வருடம், எஸ்கலான்டே பக்கம், பெயரில்லாத ஒரு கிளைக் கேன்யன். காலையில் தோழியிடம் சொன்னது வேறு இடம். அங்கே கார் நிறைய நின்றதால் ஓட்டிக்கொண்டே இங்கே வந்துவிட்டேன். போனில் சிக்னல் இல்லை, மாற்றியதைச் சொல்லவில்லை. உள்ளே ஓர் இடத்தில் ஏழடி இறக்கம். வழவழப்பான பாறை, உட்கார்ந்து சறுக்கினால் மணலில் போய் விழலாம். சறுக்கினேன். கொஞ்ச தூரத்தில் அடுத்த இறக்கம், அது கிணறு மாதிரி ஆழம், அடியில் தண்ணீர். திரும்பி வந்தேன். சறுக்கிய பாறையில் ஏறிப் பார்த்தால் பிடிமானமே இல்லை. முழங்கையை ஊன்றினேன், முழங்காலை ஊன்றினேன், தோல் உரிந்ததுதான் மிச்சம். கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து அடுக்கி, அதன் மேல் ஒரு காட்டன்வுட் மரக்கட்டையைச் சாய்த்து வைத்து ஏறி வர இரண்டு மணி நேரம் ஆனது. கல் தூக்கும்போதெல்லாம் ஒரே எண்ணம்: தேட வந்தால் வேறு கேன்யனில் தேடுவார்கள்.

2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் ஹாங்க்ஸ்வில் பக்கத்துப் புளூஜான் கேன்யனில், கை பாறைக்கு அடியில் சிக்கி ஐந்து நாள் கிடந்து, கடைசியில் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரும் எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதனால் இரண்டு விஷயம். திரும்பி ஏற முடியும் என்று உறுதியாகத் தெரியாத எதிலும் இறங்காதீர்கள். கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏறிப் பார்த்துவிட்டு, அப்புறம் முழுக்க இறங்குங்கள். முடியவில்லையென்றால் அங்கேயே திரும்புங்கள். இரண்டாவது, ஒரு தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: எந்த நடை, கார் எங்கே நிற்கும், காரின் நிறம், நம்பர், எத்தனை மணிக்குள் செய்தி அனுப்புவேன், வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும். தாளில் இல்லாத இடத்துக்குப் போவதில்லை. மாற்ற வேண்டுமானால் சிக்னல் இருக்கும் இடத்துக்கு வந்து, சொல்லிவிட்டு, அப்புறம் போங்கள். என்னுடைய வரி ஒன்று இப்படி இருக்கும்:

"வியாழன். லிட்டில் வைல்ட் ஹார்ஸ், பெல் வழியாகத் திரும்புவேன். வெள்ளை டொயோட்டா. காலை 8-க்குத் தொடக்கம், 2-க்குள் காரில். இரவு 8-க்குள் மெசேஜ். 10 வரை வராவிட்டால் எமரி கவுன்டி ஷெரிஃப்."

அந்தக் கடைசிச் சொல் முக்கியம். இங்கே காணாமல் போனவரைத் தேடும் பொறுப்பு அந்தந்தக் கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், காவல் தலைவரான ஷெரிஃபுக்கு. டாலஸில் இருக்கும் உங்கள் தோழி அவசர உதவி எண்ணான 911-ஐ அழுத்தினால் டாலஸ் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். மதுரையிலிருந்து அழுத்தினால் யூட்டாவுக்குப் போகவே போகாது. அதனால் ஷெரிஃப் அலுவலகத்தின் பத்து இலக்க நேரடி எண்ணை எழுதிக் கொடுங்கள். ஸயான் பக்கம் வாஷிங்டன் கவுன்டி, எஸ்கலான்டே ஊர் கார்ஃபீல்ட், கேபிட்டல் ரீஃபின் ஃப்ரூட்டா பக்கமும் ஹாங்க்ஸ்விலும் வெய்ன், லிட்டில் வைல்ட் ஹார்ஸ் எமரி. பொறுப்பான ஆள் அமெரிக்காவிலேயே இருக்கட்டும். கார்மின் இன்ரீச் மாதிரி ஒரு சாட்டிலைட் கருவியை வாடகைக்காவது எடுங்கள். ஐபோன் 14-லும் அதற்குப் பின் வந்த ஐபோன்களிலும் சாட்டிலைட் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம். ஆனால் இரண்டுக்கும் திறந்த வானம் வேண்டும். ஸ்லாட்டுக்குள் அது இல்லை. தாளுக்குப் பதில் கருவி என்று நினைத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு? அதே தாளின் இன்னொரு பிரதி, தமிழில், இந்திய நேரத்தில். அக்டோபரில் யூட்டாவில் இரவு 8 மணி என்றால் மதுரையில் மறுநாள் காலை 7.30. என் அம்மா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்து, பக்கத்தில் நூல் கட்டிய பென்சில் ஒன்றைத் தொங்க விட்டிருந்தார். காலையில் காப்பி போடும் நேரத்தில் என் மெசேஜ் வரும். அந்த நாளின் வரிக்கு நேரே ஒரு டிக் போட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்று பதில் அனுப்புவார்.